பதினேழுக்கு மேல்

நெல் மூட்டை ஏற்ற வந்த லாரி
பின்னால் நகர்ந்தபோது செத்தது அந்தக் கோழி.
யாருடையதென்று கேட்டு ஒருவரும் வரவில்லை.
காலிச் சாக்குக் கட்டின் இடுக்கில் பதினொரு முட்டை.
அடைக்கு உட்காருமுன்னே போயிருக்கிறது,
தொட்டால் குளிர்ந்திருந்தன.

நாகப்பட்டினத்து மீன்காரர் விட்டுப்போன தெர்மோகோல் பெட்டி.
எத்தனை கழுவியும் வஞ்சிரம் மணக்கிறது.
நாற்பது வாட் பல்பு, பழைய கம்ப்யூட்டர் விசிறி,
நீடாமங்கலத்தில் இருநூற்று முப்பதுக்கு ஓர் ஈரமானி.
சூடு முப்பத்தேழரை, சொன்னபடி கேட்டது.
ஈரம்தான் கேட்கவில்லை.

முதல் பதினெட்டு நாள் ஐம்பதைத் தாண்டக் கூடாது.
ஐப்பசியிடம் இதை யார் போய்ச் சொல்வது?
கிண்ணத்தில் ஒரு சொட்டு வைக்காமலே
அறுபத்து மூன்று காட்டியது.
வெண்ணாறு கரை தொட்டு ஓடுகிறது.
உப்பு டப்பாவில் உப்பு இல்லை, உப்புத் தண்ணீர்.

ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரம்.
அவற்றின் வழி முட்டை மெல்ல வற்ற வேண்டும்.
வற்றினால்தான் மழுங்கிய முனையில் காற்றறை விரியும்;
குஞ்சின் முதல் மூச்சு அங்கே காத்திருக்கிறது.
வற்றாவிட்டால்
பிறக்குமுன் முழுகிச் சாகும்.
நாற்பத்திரண்டு கிராம்
முப்பத்தேழுக்கு இறங்க வேண்டும்.

பகலில் என் கையில் வேறு கருவி.
கடன் சீட்டை நீட்டுவதுபோல்
உள்ளங்கை நெல்லை நீட்டுகிறார் பக்கிரிசாமி.
இருபத்தொன்று.
பதினேழுக்கு மேல் எடுக்க முடியாதுங்க.
"ஊரே ஈரமா இருக்கு,
நெல்லு மட்டும் எப்படி சார் காயும்?"
இதை எழுத பட்டியலில் கட்டம் இல்லை.

அன்றிரவு ரேஷன் அரிசி இரண்டு பிடி வறுத்து
கைக்குட்டையில் முடிந்து பெட்டி மூலையில் வைத்தேன்.
பட்டியல் எழுதும் பேனாவால்
மூடியில் இன்னும் நாலு துளை.
விடியும்போது நாற்பத்தெட்டு.
எழுப்பிச் சொல்ல அறையில் யாருமில்லை.

ஏழாம் நாள் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
ஒன்பதில் சிவப்பு நரம்பு, இரண்டு கூமுட்டை.
பக்கிரிசாமியின் குவியல்
வெயில் வந்த ஒரே மதியத்தில் பத்தொன்பதுக்கு இறங்கி
மாலைத் தூறலில் இருபத்து மூன்றாயிற்று.
குழு வரும், தளர்வு வரும் என்றார்கள்.
குழு வந்தது,
பாலித்தீன் பையில் நெல்லை அள்ளிக்கொண்டு போனது.

பதினெட்டாம் நாள் எல்லாம் தலைகீழ்.
இனி எழுபது வேண்டும்.
ஈரத் துணி, அகலக் கிண்ணம், பாதித் துளைகளுக்கு ஒட்டுநாடா.
இத்தனை நாள் துரத்தியதை
வா வா என்று கூப்பிட்டேன்.
மூடியைத் திறக்கவே கூடாது.
திறந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிவிடும்.

மழை அன்றைக்குத்தான் பிடித்தது.
மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை.
அரசாங்கச் சாக்கு எட்டு எடுத்துப் பெட்டியைப் போர்த்தினேன்.
இருப்புக் கணக்கில் அவை இன்னும் குறைகின்றன.

ஆறு பொரிந்தன.
இரண்டு ஓட்டைத் தொடவே இல்லை.
ஒன்று கொத்திய துளையோடு நின்றது.
பொறுக்காமல் மூடியைத் திறந்தது நான்தான்,
அரை நிமிடம் இருக்கும்.
சவ்வு காகிதமாய் இறுகியிருந்தது.

மழை விட்ட காலையில்
பக்கிரிசாமி தார்ப்பாயை விலக்கினார்.
முகத்தில் அடித்தது வெக்கை;
எனக்குப் பழகிய வெக்கை,
வஞ்சிர வாடை மட்டும் இல்லை.
குவியல் முழுக்க வெள்ளை வெள்ளையாய் முளை.

கருவியைப் பையிலிருந்து எடுக்கவில்லை.
அவரும் கையை நீட்டவில்லை.
"கோழி கீழி வளக்கிறீங்களா சார்?
கொண்டு போங்க, அதுக்காவது ஆகும்."

இல்லை என்றேன்.

பரவாயில்லை என்று ஒரு பிடி அள்ளி
சட்டைப் பையில் திணித்துவிட்டார்.
அறை போய்ச் சேரும்வரை
நெஞ்சுப் பக்கம் நனைந்தே இருந்தது.